மவ்த் செய்தி வந்தால் ஊர் வந்து சேர்வது எப்படி?



நமதூர் காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் மவ்த் நேர்ந்தால், அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கேள்விகள் எழும். ஜனாஸாவை எப்போது எடுப்பது என்பது ஒன்று. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்து விடுவார்களா என்பது மற்றொன்று. சென்னை மண்ணடியில் ஒரு மகன், பெங்களூருவில் ஒரு மகன், கொழும்பில் மருமகன், துபையில் பேரன் என்று பரந்து கிடக்கும் குடும்பங்கள் நம்முடையவை. ஜனாஸாவைத் தாமதப்படுத்தாமல் விரைந்து அடக்கம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். எனவே வருகிறவரின் கையில் இருப்பது சில மணி நேரம் மட்டுமே.

பல வீடுகளில் நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். வாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனவர்களில் பலர் தூரத்தினால் தவறியவர்கள் அல்லர். சென்னைக்கும் நமதூருக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க இன்று விமானமும் உண்டு, விரைவு ரயிலும் உண்டு. நேரம் வீணாவது இரண்டு முனைகளில். ஒன்று, சென்னையை விட்டு வெளியேறுவது. மற்றொன்று, நெல்லையிலோ தூத்துக்குடியிலோ இறங்கியபின் ஊர் வந்து சேரும் கடைசி 30, 60 கிலோமீட்டர். இந்த இரண்டையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கும் வீடுகள் பதறாமல் முடிவெடுக்கின்றன. அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் செய்தி எப்போது வருகிறது என்று பாருங்கள். எதில் புறப்படுவது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

இரவில் செய்தி வந்தால், சென்னையில் இருப்பவருக்கு அதிகாலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விமானம். சென்னையிலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து காரில் ஊருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலை விமானத்தில் இடம் கிடைத்தால் லுஹருக்கு முன் வீட்டில் இருக்கலாம். மற்றொன்று ரயில். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை – நாகர்கோவில் வந்தே பாரத், அதிகாலையில் எழும்பூரில் புறப்பட்டு நண்பகல் கடந்து நெல்லையைத் தொடுகிறது. நெல்லையிலிருந்து கார் என்றால் மேலும் ஒன்றேகால் மணி நேரம். ஆக, இந்த வண்டியில் வருகிறவர் லுஹர் ஜனாஸாவுக்கு எட்ட மாட்டார், அஸர் ஜனாஸாவுக்கு எட்டி விடுவார். வீட்டில் இருப்பவர்கள் நேரம் குறிக்கும்போது இந்த ஒரு கணக்குத் தெரிந்திருந்தால் போதும், பல மனக்கசப்புகள் இல்லாமல் போகும்.

இந்த வண்டி வாரத்தில் ஒரு நாள் ஓடாது. நேரங்களும் அவ்வப்போது மாறும். புறப்படும் முன் ரயில்வேயின் செயலியில் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.

பகலில் செய்தி வந்து, அன்று மாலையே அடக்கம் என்று முடிவானால், விமானத்தைத் தவிர வேறு எதுவும் உதவாது. அடக்கம் மறுநாள் காலை என்றால் வழிகள் பல. 2023 செப்டம்பர் 24 முதல் ஓடும் சென்னை – திருநெல்வேலி வந்தே பாரத் பிற்பகலில் புறப்பட்டு அன்று இரவே நெல்லை வருகிறது. செந்தூர் எக்ஸ்பிரஸ் மாலையில் எழும்பூரில் புறப்பட்டு மறுநாள் காலை நம் காயல்பட்டினம் நிலையத்திலேயே இறக்கி விடுகிறது. அது மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி வருவதால் ஏறத்தாழ 14 மணி நேரம் எடுக்கும். விருத்தாசலம் வழியாக வரும் நெல்லை எக்ஸ்பிரஸ் அதைவிட விரைவில் நெல்லைக்கு வந்துவிடும். ஆனால் நெல்லையில் இறங்கி வண்டி மாற வேண்டும். வயதான உம்மாவையோ, கைக்குழந்தையோடு ராத்தாவையோ அழைத்து வருகிறவர்களுக்கு நமது தேர்வு செந்தூர் எக்ஸ்பிரஸ்தான். மெதுவாக வந்தாலும் இடையில் மாறும் சிரமம் இல்லை. தனியாக வரும் இளைஞர் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறட்டும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி வந்து இறங்குவதும் நல்ல வழியே. அங்கிருந்து ஊர் 30 கிலோமீட்டரை ஒட்டித்தான்.

பயணச்சீட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அவசரம் என்றால் தட்கல் என்று நினைக்கிறார்கள். தட்கல் முன்பதிவு, வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் திறக்கிறது. குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. ஆகவே இன்று காலை வந்த செய்திக்கு இன்று மாலை வண்டியில் தட்கல் புதிதாகக் கிடைக்காது. நாளைய வண்டிக்குத்தான் கிடைக்கும். இன்றைய வண்டிக்கு உதவுவது, பயணிகள் பட்டியல் தயாரான பின் மிஞ்சியிருக்கும் இடங்களுக்குக் கொடுக்கும் உடனடி முன்பதிவு. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க, கணக்கில் ஆதார் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இதை மவ்த் செய்தி வந்த நேரத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது. வீட்டில் ஒருவராவது இந்த வாரமே செய்து வைத்து விடுங்கள்.

பேருந்துக்கு வருவோம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகளுக்கு அதுவே புறப்படும் இடமாகி விட்டது. மண்ணடியிலிருந்து அது 30 கிலோமீட்டருக்கு மேல். மாலை நெரிசலில் ஆட்டோவோ காரோ பிடித்துப் போனால் ஒன்றரை மணி நேரமும் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகும். கடற்கரை நிலையத்தில் செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் முனையத்துக்குப் போவது பெரும்பாலும் விரைவானது. சில மின்சார ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும், கவனம். ஆம்னி பேருந்தில் முன்பதிவு செய்கிறவர்கள், ஏறும் இடம் எது என்று கேட்டு உறுதி செய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

காரை எடுத்துக்கொண்டு தாமே ஓட்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். சாலை நன்றாகத்தான் இருக்கிறது. திருச்சி வரை நான்கு வழிச்சாலை, அங்கிருந்து மதுரை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி வரையிலும் நான்கு வழிச்சாலை. பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆனால் அழுத கண்ணோடு, உறக்கமின்றி, இரவு முழுவதும் ஒரு மகன் ஸ்டியரிங்கைப் பிடித்து வருவதை நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம். ஒரு ஜனாஸா இருக்கும் வீட்டுக்கு இன்னொரு கெட்ட செய்தி வரக்கூடாது. வாடகை ஓட்டுநர் ஒருவரை அமர்த்துங்கள். முடியாவிட்டால் குடும்பத்துக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவர் ஓட்டட்டும்.

விமானத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாகைக்குளம் நிலையம் நீண்ட காலம் 1,350 மீட்டர் ஓடுபாதையோடு இருந்தது. சிறிய விமானங்கள் மட்டுமே இறங்க முடிந்தது. இருக்கைகள் குறைவு, கட்டணம் அதிகம். இப்போது ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருக்கிறது. சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் உருவான புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. பெரிய விமானங்கள் இறங்க வழி பிறந்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டு விமானங்கள் இல்லை. சென்னை, பெங்களூரு போன்ற உள்நாட்டு இணைப்புகள்தான். முனையத்தை விட்டு வெளியே வந்தால் நமதூருக்கு நேரடிப் பேருந்து கிடையாது. நெல்லை – தூத்துக்குடி நெடுஞ்சாலைக்கு வந்து பேருந்து பிடித்து, தூத்துக்குடியில் மீண்டும் மாற வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் பறந்து வந்தவர், மீதி 40 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் செலவிடுவார். ஆகவே ஊரிலிருந்து ஒருவர் வண்டியோடு போய்க் காத்திருப்பதே சரி.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது மதுரையை. அருகில் இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் ஊர் வந்துவிடலாம். ஆனால் மதுரைக்கு வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் சிலவே. அன்றைய தினம் அந்த விமானம் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். திருவனந்தபுரத்தைப் பாருங்கள். வளைகுடாவின் பல நகரங்களிலிருந்து அங்கே நேரடி விமானங்கள் உண்டு. மதுரையிலிருந்து வருவதைவிட நேரம் அதிகம். நாகர்கோவிலிலிருந்து நெல்லை வரை நான்கு வழிச்சாலையில் பறந்து வரலாம். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே, களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கடைவீதிக்குள் ஊர்ந்துதான் வர வேண்டும். நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். திருச்சிக்கும் வெளிநாட்டு இணைப்புகள் நிறைய. 2024 ஜனவரியில் புதிய முனையமும் திறந்தார்கள். ஆனால் அங்கிருந்து ஊர் 300 கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் இறங்கினால் சாலை காலியாக இருக்கும், விடியும் முன் வந்து சேரலாம். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் திருச்சிதான் வசதி.

கொழும்பிலிருந்து வருகிறவர்களை நினைத்தால் மனம் கொஞ்சம் கனக்கும். வரைபடத்தில் பார்த்தால் சென்னையைவிடக் கொழும்பு நமக்கு மிக அருகில். ஒரு காலத்தில் தூத்துக்குடியில் கப்பலேறி கொழும்பு போய் வருவது நம் மூத்தவர்களுக்கு அடுத்த ஊருக்குப் போவது போல. 1914 இல் பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, சென்னையிலிருந்து இலங்கை செல்லும் ரயில் பயணிகளும் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றும் போனது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் ஓடுகிறது. நமதூர்க் கொழும்புக் குடும்பங்களுக்கு அது சுற்றுவழி. கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வந்து, சாலை வழியாக வருவதே இன்றைக்கு உள்ள நல்ல வழி.

இனி கடைசிக் கட்டம். நமது அனுபவத்தில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

தூத்துக்குடியிலிருந்து வரும் சாலை முக்காணி, ஆத்தூர் கடந்து ஆறுமுகநேரியில் பிரிகிறது. ஒரு கிளை நமதூர், வீரபாண்டியன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் போகிறது. மற்றொன்று அடைக்கலாபுரம் வழியாக நேரே போகிறது. திருச்செந்தூர் என்று பலகை போட்ட எல்லாப் பேருந்தும் நம் ஊருக்குள் வருவதில்லை. நெல்லையிலிருந்து வருகிறவற்றிலும் குரும்பூரிலிருந்து நேராகத் திருச்செந்தூருக்குப் போய்விடுபவை உண்டு. எங்கள் உறவினர் ஒருவர், பெரியம்மாவின் ஜனாஸாவுக்காக இரவெல்லாம் பயணம் செய்து, கடைசியில் ஏறிய பேருந்து ஊருக்குள் வராது என்பதை ஆறுமுகநேரி வந்தபின்தான் அறிந்தார். விடியாத நேரம், ஆட்டோ இல்லை. கையில் பையோடு நடந்தே வந்தார். ஏறும் முன் "காயல்பட்டினம் உள்ளே வருமா?" என்று நடத்துநரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "திருச்செந்தூர் போகுமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

நெல்லை சந்திப்பு ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. வெளியூர்ப் பேருந்துகள் புறப்படும் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திருச்செந்தூர் செல்லும் பயணிகள் ரயில் அந்நேரம் இருந்தால், அதே நிலையத்திலேயே மாறி ஏறுங்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, பிறகு நமதூர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், குறைந்த கட்டணம், சாலை நெரிசல் கிடையாது. ஆனால் இது ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்காக நின்று விட்டால் நேரம் கூடும்.

இந்த ஒற்றைப் பாதையின் பலவீனத்தை 2023 டிசம்பரில் நாம் கண்ணால் பார்த்தோம். ஒரே நாளில் நமதூரில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்த நாட்களில் நமதூரில் நடந்த ஜனாஸாக்களுக்கு வெளியூரிலிருந்து எவரும் வந்திருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் செய்தி வந்தால், புறப்படும் முன் வானிலை எச்சரிக்கையையும் பாருங்கள். தாமிரபரணியில் வெள்ளம் என்றால், நெல்லை வழியா தூத்துக்குடி வழியா என்பதை ஊரில் இருப்பவர்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

வழியில் தொழுகை விடுபடக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், சுருக்கித் தொழ அனுமதிக்கும் பயணத் தூரம் இரண்டு மர்ஹலா. ஆலிம்கள் இதை இன்றைய அளவில் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று கணிக்கிறார்கள். சென்னையில் குடியிருப்பவர் எழும்பூர் நிலையத்தில் நிற்கும்வரை தம் ஊரில்தான் இருக்கிறார். அங்கே கஸ்ருமில்லை, ஜம்உமில்லை. மாலை வண்டி என்றால் அஸரை முழுமையாகத் தொழுதுவிட்டு ஏற முயலுங்கள். மஃரிபையும் இஷாவையும் வண்டியில் சேர்த்துத் தொழலாம். விழுப்புரம் நோக்கித் தெற்கே ஓடும் வண்டியில் வலப்பக்கச் சன்னல்தான் மேற்கு. நம் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஆனால் செந்தூர் எக்ஸ்பிரஸ் மயிலாடுதுறை தாண்டித் திருச்சி வரை மேற்கு நோக்கி ஓடும், நெல்லைக்குப் பின் கிழக்கே திரும்பும். கைபேசியில் திசைகாட்டியைப் பார்த்துக் கொள்வது நல்லது. ஃபஜ்ரை வீட்டில் போய்த் தொழலாம் என்று இருந்து விடாதீர்கள். வண்டி சற்றுத் தாமதமானாலும் ஊர் வரும் முன் சூரியன் உதித்துவிடும்.

கடைசியாக, நேரம் குறிக்கும் வீட்டாருக்கு. மகன் வருகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வண்டி, எங்கே இறங்குகிறார், யார் அழைத்து வருகிறார்கள் என்று கேளுங்கள். உடலில் மாற்றம் வரும் என்ற அச்சம் இல்லாதபோது, அருகில் வந்துகொண்டிருக்கும் நெருங்கிய உறவினருக்காகச் சிறிது நேரம் காத்திருக்க ஃபிக்ஹில் இடமுண்டு. எவ்வளவு நேரம் என்பதை மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கோவில்பட்டி தாண்டிவிட்டவருக்காக லுஹரை அஸராக மாற்றுவது வேறு, இன்னும் விமானச்சீட்டே எடுக்காதவருக்காக இரவெல்லாம் ஜனாஸாவை வைத்திருப்பது வேறு. வருகிறவரும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "இதோ வந்துவிட்டேன்" என்று ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தையை நம்பி, மையவாடியில் ஊரே காத்து நின்றதும் உண்டு.

எட்டாமல் போகிறவர்கள் இருப்பார்கள். அப்படிப்பட்டவர் கப்ருக்குச் சென்று அங்கே ஜனாஸாத் தொழுகையை நிறைவேற்ற ஷாஃபிஈ மத்ஹபில் வழியுண்டு. அவரை நேரே வீட்டுக்கு அழைத்து வராமல் முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். அடக்கம் முடிந்தாலும், அவருக்காக ஒரு காக்காவோ தம்பியோ ஆறுமுகநேரி முனையில் வண்டியோடு நிற்கட்டும்.